ஆடிக்காற்றில் பவுச் வாயில் ஏறும் மாவு: குறை இயந்திரத்திலா, படலத்திலா?

காவிரிக்கரை மாவு

வணக்கம். கும்பகோணத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு சிறிய மாவு ஆலை இருக்கிறது. இடியாப்ப மாவு, புட்டு மாவு, சத்துமாவு ஆகியவற்றை அரைத்து, அரைக் கிலோ பவுச்சில் அடைத்து, திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வரை கடைகளுக்குப் போடுகிறோம். உறை இரண்டு படலங்களை ஒட்டியது: வெளியே அச்சடித்த 12 மைக்ரான் பாலியெஸ்டர், உள்ளே 50 மைக்ரான் பாலித்தீன்.

ஆனி பாதியில் மேல்காற்று பிடித்ததும் தொல்லை தொடங்குகிறது. மாவு பையின் அடியில் போய் உட்காராமல் உட்சுவரைப் பற்றிக்கொண்டு மேலே, சீல் விழும் இடம் வரை படிந்துவிடுகிறது. சூடான தாடை அதன் மேல் அழுத்தும்போது சீலுக்குள் வெள்ளைக் கோடாக மாவு மாட்டிக்கொள்கிறது. பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும். கையில் வைத்து அழுத்தினால் அந்தக் கோட்டின் வழியே காற்று வெளியேறும். கடையில் இரண்டு வாரம் கிடந்தால் வண்டு விழுகிறது. வண்டு விழுந்த மாவைக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வாங்கிப்போன தாயிடம் நான் என்ன சொல்வது?

இதே இயந்திரம், இதே மாவு, ஐப்பசி அடைமழையில் ஒரு பழுதும் இல்லாமல் ஓடுகிறது. உறை கொடுப்பவர், "நிலைமின்சாரத் தடுப்பு மருந்து கலந்துதான் கொடுக்கிறோம், உங்கள் இயந்திரத்தில் எர்த் சரியில்லை" என்கிறார். இயந்திரக்காரர் உறையைக் குறை சொல்கிறார். இன்னொன்றும் கவனித்தேன். புதிதாக வந்த ரோலைவிடக் கிடங்கில் கிடந்த ரோலில் தொல்லை கூடுதல். விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வலங்கைமான் ஃபிட்டர்

அண்ணா, எர்த் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எர்த் கம்பி உலோகத்தில் இருக்கும் மின்னூட்டத்தைத்தான் இறக்கும். பிளாஸ்டிக் படலத்தில் ஏறிய மின்னூட்டம் ஏறிய இடத்திலேயே நிற்கும். உலோக உருளைக்கு எத்தனை கம்பி இழுத்தாலும் அது ஓடி வராது. ஆகவே எர்த் இல்லாததால் மாவு ஒட்டுகிறது என்பது பொருந்தாத பேச்சு. அதற்காக எர்த்தை விட்டுவிடாதீர்கள். மாவுத் தொட்டி, திருகு நிரப்பி, நிரப்பும் குழாய் மூன்றும் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். மாவுப் புகை பறக்கும் இடத்தில் எர்த் இல்லாத உலோகம் தீப்பொறிக்கு வழி.

படலம் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். ரோல் பிரியும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றிலிருந்து பிரிகிறது, அங்கே மின்னூட்டம் பிறக்கிறது. பிறகு ரப்பர் உருளைகள், படலத்தைக் குழாய் வடிவில் மடக்கும் காலர், அதன்பின் நிரப்பும் குழாயின் வெளிப்புறம். காலரில் வழுக்குவதற்கு டெஃப்லான் நாடா ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள். டெஃப்லான் ஏறத்தாழ எதனோடு உரசினாலும் எதிர்மின்னூட்டத்தைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதில் நேர்மின்னூட்டத்தை விட்டுவிடும்.

செலவில்லாத வழி செப்பு ஜிகினாச் சரம். எர்த்தோடு சேர்த்து, படலத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு விரல்கடை தள்ளிக் கட்ட வேண்டும். இரண்டு உருளைகளுக்கு நடுவே படலம் அந்தரத்தில் போகும் இடத்தில் கட்டினால்தான் பலன். உருளைக்கு நேரே கட்டினால் மின்புலம் உருளைப் பக்கம் திரும்பிக்கொள்ளும், சரம் சும்மா தொங்கும். சரம் மின்னூட்டத்தைக் குறைக்குமே தவிர, முழுதாக எடுக்காது. முழுதாக எடுக்க, சுற்றியுள்ள காற்றை அயனியாக்கும், மின்சாரத்தில் இயங்கும் அயனிப் பட்டை வேண்டும். அதன் ஊசி முனைகளில் மாவு படியும், தினமும் துடைக்க வேண்டும்.

மன்னை படலம்

அண்ணா, ஃபிட்டர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அயனிப் பட்டையை எங்கே வைத்தாலும் அது காலருக்கு முன்னால்தான் இருக்கும். காலரைத் தாண்டிப் படலம் குழாயைச் சுற்றிக்கொண்ட பிறகு உட்பக்கம் குழாயின் மேல் வழுக்கி இறங்குகிறது, மறுபடியும் மின்னூட்டம் ஏற்றிக்கொள்கிறது. அங்கே பட்டை எட்டாது. மாவும் திருகில் உரசி, தனக்கென ஒரு மின்னூட்டத்தோடுதான் விழுகிறது. அந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்க வேண்டியது பாலித்தீனின் உள்மேற்பரப்புதான். ரோல் பழையதானால் தொல்லை கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

பாலித்தீன் மிக நல்ல மின்காப்புப் பொருள். சும்மா விட்டால் அதன் மேற்பரப்பு மின்தடை 10¹⁴ ஓமுக்கு மேல் நிற்கும். ஏறிய மின்னூட்டம் மணிக்கணக்கில் இறங்காது. இதைக் குறைக்கத்தான் கிளிசரால் மோனோஸ்டியரேட், எத்தாக்சிலேற்றிய அமீன் போன்ற சேர்மானங்களைப் பாலித்தீனோடு உருக்கிக் கலக்கிறார்கள். இவற்றின் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெய்த்தன்மை, மறுமுனை நீர்விருப்பம். பாலித்தீனுக்குள் இவை முழுமனதாகக் கரைவதில்லை. மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து, நீர்விருப்ப முனையைக் காற்றின் பக்கம் நீட்டிக்கொண்டு படிகின்றன. அந்த முனை காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மின்னூட்டம் வழிந்தோடுவது கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரப்படலத்தின் வழியாகத்தான். மின்தடை 10¹⁰, 10¹¹ ஓம் அளவுக்கு இறங்கினாலே தூள் ஒட்டுவது வெகுவாகக் குறையும்.

ஐப்பசியில் ஏன் தொல்லை இல்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அடைமழைக் காலத்தில் சேர்மானம் குறைவாக இருந்தாலும் காற்றே ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆனி ஆடியில் வீசும் காற்று ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே பெய்துவிட்டு, உலர்ந்து இறங்கி நம் சமவெளியைக் கடக்கிறது. ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு ஓடும் அதே நாளில், பிற்பகல் காற்று வறண்டு கிடக்கும். பிடிப்பதற்கு ஈரம் குறைந்தால் சேர்மானத்தின் வேலையும் குறைகிறது. பாக்கெட் போடும் அறையில் ஏசி இருந்தால் இன்னும் மோசம்.

இனி ரோலின் வயதுக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் 50 மைக்ரான் பாலித்தீன் பெரும்பாலும் ஒரே படலம் அல்ல, மூன்று அடுக்காக ஒரே நேரத்தில் ஊதி எடுத்தது. செலவைக் குறைக்கச் சீல் ஆகும் 10 மைக்ரான் அடுக்கில் மட்டும் சேர்மானத்தைக் கலப்பவர்கள் உண்டு. காகிதத்தில் அது நியாயமாகத் தெரியும்; வேண்டியது மேற்பரப்பில்தானே? ஆனால் சேர்மானத்துக்கு அடுக்கின் எல்லை தெரியாது. பாலித்தீனின் படிகமாகாத பகுதிகளில் சங்கிலிகள் நம் அறை வெப்பத்திலும் ஓயாமல் அசைகின்றன. சிறு மூலக்கூறு அவற்றின் இடையே புகுந்து நகர்கிறது. மடையைத் திறந்ததும் மேட்டு வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாய்ந்து இரண்டும் ஒரே மட்டத்துக்கு வருவதுபோல, உட்புற அடுக்கில் இருந்தது நடு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் பரவி விடுகிறது. ஆயிரத்தில் மூன்று பங்கு என்று 10 மைக்ரானில் போட்டது 50 மைக்ரானிலும் பரவினால் பத்தாயிரத்தில் ஆறு பங்காகிறது. 50 மைக்ரானில் இப்படிப் பரவிச் சமமாக, வெப்பத்தையும் மூலக்கூறின் அளவையும் பொறுத்து, சில மணி நேரம் முதல் சில நாள் வரை போதும்.

அதோடும் நிற்பதில்லை. பாலித்தீனையும் பாலியெஸ்டரையும் ஒட்டும் பாலியூரித்தேன் பசை இருக்கிறதே, அது முனைவுத்தன்மை உடையது. பாலித்தீன் அரை மனதோடு வைத்திருக்கும் சேர்மானத்தை அது விரும்பி இழுத்துக்கொள்கிறது. அதற்கு வெளியே பாலியெஸ்டர். அறை வெப்பத்தில் அது கண்ணாடிபோல் இறுகிய நிலையில் இருப்பதால் உள்ளே அவ்வளவாக எதுவும் நுழையாது. ஆகப் பசை அடுக்கில் போய்ச் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடுகிறது. உங்கள் சப்ளையர் மருந்து கலந்தேன் என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கலந்தது இப்போது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

தஞ்சை லேமினேஷன்

இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் ஒரு சொல். தங்கை சொன்ன பசை விஷயத்தை நாங்கள் வேறு வடிவில் தினமும் பார்க்கிறோம். வழுக்கலுக்காகச் சேர்க்கும் எருக்கமைடு இருக்கிறது. லேமினேஷனுக்கு முன் பாலித்தீன் கையில் நழுவும். ஒட்டி முடித்துப் பசை இறுகுவதற்குச் சூடான அறையில் 40 டிகிரிக்கு மேல் வைத்து எடுத்தால், அதே படலம் உருளையில் இழுபடும். வழுக்கல் எங்கே போனது என்று படலம் ஊதியவரும் நாங்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவோம். பசைக்குள் போனது பாதி. சூட்டில் பாலித்தீனின் கரைக்கும் திறன் கூடி, மேற்பரப்பில் இருந்தது திரும்ப உள்ளே கரைந்தது மீதி. ஆறியபின் சில நாளில் கொஞ்சம் திரும்பி வரும். எருக்கமைடைவிட ஓலியமைடு சீக்கிரம் வெளியே வரும், ஆனால் நிலைத்து நிற்பது எருக்கமைடு.

தங்கை சொன்னதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். எல்லா அடுக்கிலும் சேர்மானத்தைக் கூட்டிப் போடச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பசை பிடிக்க வேண்டிய பக்கத்துக்கும் அது வந்து சேரும். அந்தப் பக்கத்துக்கு நாங்கள் கொரோனா என்னும் மின்னிறக்கம் கொடுத்து, பசை பிடிக்கும் தன்மையைக் காட்டும் டைன் அளவை 38-க்கு மேல் ஏற்றி வைத்திருப்போம்; கொரோனா இல்லாத பாலித்தீன் 31 டைன்தான். சேர்மானம் மேலே படிந்தால் டைன் இறங்கும், ஒட்டு பலவீனமாகும், பவுச்சைக் கிழித்தால் இரண்டு படலமும் தனித்தனியாக உரிந்துவரும். சீல் பக்கத்திலும் அளவு மீறினால் சீல் வலு குறையும். மாவு மாட்டிக் கசியும் சீலைச் சரிசெய்யப் போய், மாவே இல்லாமல் கசியும் சீலை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

திருவாரூர் மாணவன்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மின்புலமானி இருக்கிறது. அதைப் படலத்தின் மேல் காட்டினால் போதுமா? அலுமினியம் பூசிய ஒரு மெட்டலைஸ்டு உறையை அளந்தபோது ஒன்றுமே காட்டவில்லை. ஆனால் அதே உறையில் தூள் ஒட்டுகிறது.

மன்னை படலம்

தம்பி, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், தொழிலில் இருப்பவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள்.

ஒரு சதுர மீட்டருக்கு 10 மைக்ரோகூலும் மின்னூட்டம் என்று வைத்துக்கொள். படலம் அந்தரத்தில் போகிறது, எர்த் செய்த உன் மின்புலமானி 25 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, சுற்றிலும் வேறு எர்த் இல்லை. மின்புலக் கோடுகள் எல்லாம் மானியை நோக்கியே வரும். கணக்குப் போட்டால் படலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 28,000 வோல்ட். இப்போது அதே மின்னூட்டம், அலுமினியப் பூச்சுக்கு மேல் இருக்கும் 50 மைக்ரான் பாலித்தீனின் முகத்தில் இருக்கிறது, பூச்சு எப்படியோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வை. எதிர்மின்னூட்டம் 50 மைக்ரான் தொலைவிலேயே அலுமினியத்தில் வந்து நின்றுவிடுகிறது. பாலித்தீனின் மின்கடத்தாப் பொருள் மாறிலி 2.3, மின்னழுத்தம் வெறும் 25 வோல்ட். மானி எதைக் காட்டும்? மின்னூட்டம் ஒரு துளியும் குறையவில்லை. புலம் படலத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த உறையை விரித்தோ உரித்தோ இரண்டையும் பிரித்தால் மின்னழுத்தம் எகிறும்.

அலுமினியம் இல்லாத அடுக்கிலும் இது நடக்கும். ஒரு முகத்தில் நேர், மறு முகத்தில் எதிர் என்று சமமாக ஏறியிருந்தால் வெளியே நிகர மின்னூட்டம் சுழி. கொரோனா பகுதியைத் தாண்டி வரும் படலத்தில் இது உண்டு. அடுக்குகளுக்கு இடையிலும் மின்னூட்டம் தேங்கும். பாலியெஸ்டர், பசை, பாலித்தீன் மூன்றுக்கும் மின்கடத்தும் திறன் வேறு, மின்கடத்தாப் பொருள் மாறிலி வேறு. இந்த இரண்டின் விகிதம் அடுத்தடுத்த அடுக்குகளில் ஒத்துவராதபோது, மின்புலத்தின் கீழ் எல்லையில் மின்னூட்டம் சேர்கிறது. மேக்ஸ்வெல்–வாக்னர் முனைவாக்கம் என்று பாடத்தில் படித்திருப்பாய். அப்படி உள்ளே சிக்கியதை ஈரத்துணியோ அயனிப் பட்டையோ எடுக்காது. வெளியே அதற்கு நிகரான எதிர்மின்னூட்டத்தை ஒட்டவைத்து மறைக்க மட்டும் செய்யும். பாலிமர் மின்னூட்டத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வல்லது. என்-95 முகக்கவசத்தின் பாலிப்ரொப்பிலீன் அடுக்கு அந்தக் குணத்தால்தான் தூசியைப் பிடிக்கிறது.

ஆகவே மானி காட்டாவிட்டாலும் தூளைக் கேள். 1777-இல் ஜெர்மன் இயற்பியலாளர் லிக்டன்பர்க் செய்தது அதுதான். மின்னூட்டம் ஏற்றிய பிசின் தட்டின் மேல் தூள் தூவினார். தூள் கிளைகிளையாகப் பிரிந்து படிந்து, மின்னூட்டம் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. உன் உறையின் மேல் முகப்பவுடரை மெல்லிய துணி வழியே தட்டிப் பார். ஒரே சீராகப் படிந்தால் ஒரு கதை, நட்சத்திரமும் வேர்க்கிளையுமாகப் படிந்தால் வேறு கதை. வேர்க்கிளை தெரிந்தால் அந்த இடத்தில் ஏற்கெனவே மின்னிறக்கம் நடந்திருக்கிறது என்று பொருள்.

மாயவரம் காப்பி

நாங்கள் காப்பித்தூள் போடுகிறவர்கள். மெட்டலைஸ்டு ரோலை இயந்திரத்தில் ஏற்றும்போது வேலை செய்யும் பெண்களுக்கு ஷாக் அடிக்கிறது. இதுவும் இந்தக் கணக்குத்தானா? இரண்டாவது கேள்வி மனத்தை உறுத்துகிறது. சேர்மானம் மேற்பரப்புக்கு வருகிறது என்கிறீர்கள். மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பது எங்கள் தூள். அது உணவுக்குள் போகாதா? எங்கள் கடைத் தூளை மூன்று தலைமுறையாகக் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன.

நாகை உப்புக்காற்று

கருவாட்டுத் தூள் பாக்கெட் போடுகிறோம். எங்களுக்குப் பிற்பகல் வரை ஒட்டும், மாலையில் கடற்காற்று திரும்பியதும் தானாகச் சரியாகிவிடும். ஈரம் காரணம் என்று இப்போது புரிகிறது. காற்றில் வரும் உப்பும் உதவுகிறதா?

மன்னை படலம்

நாகை அண்ணா, உதவுகிறது. ஈரப்படலத்தில் மின்னூட்டத்தைச் சுமப்பவை அயனிகள், உப்பு அயனிகளைக் கொடுக்கிறது. தூய சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். வேதாரண்யத்து உப்பு மூட்டை மழை இல்லாத நாளிலும் வியர்ப்பது அதனால்தான். ஆனால் அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. அதே உப்பு உங்கள் சீல் தாடையையும் அயனிப் பட்டையின் ஊசியையும் அரித்துவிடும்.

மாயவரம் அக்கா, ஷாக் பற்றி. அலுமினியப் பூச்சு ரோல் முழுதும் ஓடும் ஒரு கடத்தி. பாலித்தீனால் மூடப்பட்டு எதையும் தொடாமல் இருக்கிறது. ரோல் பிரியப் பிரிய மின்னூட்டம் சேர்கிறது, யாராவது வெட்டு விளிம்பைத் தொட்டால் மொத்தமும் ஒரே நொடியில் விரல் வழியே இறங்குகிறது. சாதாரணப் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் இடம்விட்டு இடம் ஓட முடியாததால் ஒரு சிறு பகுதி மட்டுமே பொறியாகும்; உலோகத்தில் அந்தத் தடை இல்லை. எர்த் செய்த மெல்லிய செப்புத் தூரிகை ஒன்றை ரோலின் வெட்டு விளிம்பில் உரசும்படி வைக்கச் சொல்லுங்கள்.

காப்பிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரைக்கும்போதே கொட்டை மின்னூட்டம் பெறுகிறது. 2023-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். ஈரம் குறைந்த, கருக வறுத்த கொட்டை கூடுதலாக மின்னூட்டம் பெற்றது. அரைப்பதற்கு முன் சிறிது தண்ணீர் சேர்த்ததும் அது குறைந்தது. நீங்கள் அரைத்து வைத்து விற்பவர்கள், தண்ணீர் சேர்த்தால் தூளின் ஆயுள் என்ன ஆகும் என்று பார்க்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

உணவுக்குள் போகுமா என்று கேட்டீர்கள். போகும், சிறிதளவு. அதனால்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதிவு விதிமுறைப்படி, பொதியிலிருந்து உணவுக்குப் போகும் எல்லாப் பொருளும் சேர்ந்து கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பரப்புக் கணக்கில் சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். கிளிசரால் மோனோஸ்டியரேட் ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் பால்மமாக்கியாகச் சேர்க்கப்படும் பொருள்தான். எத்தாக்சிலேற்றிய அமீன் அப்படியல்ல. ஐரோப்பிய விதி அதற்குத் தனியாகக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் என்று கட்டியிருக்கிறது. காப்பித்தூளில் எண்ணெய் இருக்கிறது, சத்துமாவில் நிலக்கடலை இருந்தால் அதிலும் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இந்தச் சேர்மானங்களை நன்றாகவே உறிஞ்சும். ஆகவே என்ன சேர்மானம் என்று பெயர் கேட்பது உங்கள் உரிமை. தொழில் ரகசியம் என்று சொல்லி மறுத்தால், பொதியிலிருந்து உணவுக்குப் போகும் பொருளை அளக்க, உங்கள் வகை உணவுக்கு ஏற்ற கரைப்பானில் செய்த ஐஎஸ் 9845 சோதனை அறிக்கையையாவது கேட்டு வாங்குங்கள். பெயரும் சொல்லாமல் அறிக்கையும் தராதவரிடம் உணவுப் பொதி வாங்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

காவிரிக்கரை மாவு

எல்லோருக்கும் நன்றி. ஆடிப்பெருக்கு முடிந்து சப்ளையரிடம் நேரில் போனேன். எந்த அடுக்கில் என்று கேட்டதும் அவரே படலம் ஊதும் இடத்துக்குப் போன் போட்டார். சீல் அடுக்கில் மட்டும்தான் கலக்கிறார்கள், பெயர் கிளிசரால் மோனோஸ்டியரேட். பெயரைத் தயங்காமல் சொன்னார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இனி நடு அடுக்கிலும் கலந்து ஒரு சிறு ரோல் தருவதாகச் சொல்லி, தந்தும்விட்டார். பசைப் பக்கத்து அடுக்கில் சேர்க்க வேண்டாம் என்று தஞ்சை ஐயா சொன்னதை வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

பழைய ரோல், புதிய ரோல் இரண்டையும் ஒரே பிற்பகலில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் வெளிச்சுற்றை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து ஒரு முழம் வெட்டி, உட்பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பருத்தித் துண்டால் நன்றாகத் தேய்த்தோம். எவர்சில்வர் தட்டில் இடியாப்ப மாவைப் பரப்பி, படலத்தை மெல்லக் கீழே இறக்கினோம். பழைய படலம் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போதே மாவு எழும்பிவிட்டது. தட்டின் நடுவில் வெறும் எவர்சில்வர் தெரிந்தது. புதியதில் இரண்டு விரல்கடை வரை இறக்கியும் தட்டு அசையவில்லை, அதற்குக் கீழே போனபோது ஒரு சில தூள் மட்டும் ஏறியது. இயந்திரத்திலும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் போய்விட்டது. சத்துமாவில் மட்டும் இன்னும் வருகிறது.

வலங்கைமான் ஃபிட்டர்

சத்துமாவு வறுத்து அரைப்பது, அரிசி மாவைவிட உலர்ந்தது. சூடாகவே தொட்டியில் கொட்டுகிறீர்களா? ஆறவிட்டுப் போடுங்கள். திருகின் வேகத்தையும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு இரண்டு பாக்கெட் குறையலாம், ஆனால் திரும்பி வரும் பாக்கெட் குறையும். குழாயின் வாயிலிருந்து பையின் அடி வரை மாவு விழும் உயரமும் இப்போது அதிகமாக இருக்கும். அதைக் குறைக்க முடிந்தால் புகை அடங்கும்.

காவிரிக்கரை மாவு

சூடாகத்தான் கொட்டுகிறோம், தம்பி. ஆறவைக்க இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆர்டரில் எழுத்தில் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கிடங்கில் வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்றே எழுதிவிடுவேன்.

தஞ்சை லேமினேஷன்

"ஆன்டிஸ்டாட்டிக் இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். சீல் ஆகும் உட்பக்கத்தின் மேற்பரப்பு மின்தடை 10¹¹ ஓமுக்கு மேல் போகக் கூடாது, லேமினேஷன் முடிந்து பதினைந்து நாள் கழித்து, 50 சதவீத ஈரப்பதத்தில் அளந்த மதிப்பாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஈரப்பதத்தைக் குறிப்பிடாத மதிப்பு பயன்படாது. அடைமழையில் அளந்து அனுப்பினால் எந்தப் படலமும் தேறிவிடும். பசைப் பக்கத்துக்குத் தனியாக ஒட்டு வலுவையும் கேளுங்கள், இரண்டும் ஒரே ரோலில் நிற்க வேண்டும்.

கிடங்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? சித்திரை வெயிலில் அதன் கீழ் மேலடுக்கில் ரோலை வைக்காதீர்கள். சூட்டில் சேர்மானம் உள்ளே கரையும், பசைக்குள் போவதும் வேகமாகும். இறுக்கிச் சுற்றிய ரோலில் உட்பக்கம் அடுத்த சுற்றின் வெளிப்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் அங்கேயும் ஒட்டிக்கொண்டு போகும். மூன்று மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவுக்கு வாங்கி அடுக்காதீர்கள். ஒவ்வொரு ரோலிலும் லேமினேஷன் தேதியை அட்டைக் குழாயின் உட்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியே ஒட்டும் சீட்டு கிழிந்துவிடும்.

மன்னை படலம்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 50 சதவீதத்தில் ஒரு மதிப்பு, 30 சதவீதத்தில் ஒரு மதிப்பு என்று இரண்டு கேளுங்கள். ஏசி அறையில் சத்துமாவு போடும் நாள் வந்தால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். 30 சதவீதத்தில் மோனோஸ்டியரேட் தாங்கவில்லை என்றால், ஈரத்தை நம்பாத பாலியீதர்–பாலியமைடு வகை இருக்கிறது. அது நகராது, படலத்துக்குள்ளேயே வலைபோலப் பின்னிக்கொண்டு மின்னூட்டத்தைக் கடத்தும். விலை கூடுதல், அதனால் முதலில் மாவை ஆறவைத்துப் பார்த்துவிட்டு அதற்குப் போகலாம்.